புளியமரத்தடியில் பார்க்கிங் ஃப்ரீ!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியர் வருமா வராதாங்கிற கவலையை ரிசல்ட் நாள் வரைக்கும் தள்ளி வெச்சாச்சு. அடுத்தது என்ன? கேங்கா உட்கார்ந்து, 'மச்சி, ஊட்டி போலாம்டா'ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். 'கொடைக்கானல்டா'ன்னு இன்னொருத்தன் குறுக்கே விழுவான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விவாதம் நடக்கும். கடைசியில எங்கேயும் போகாம அவங்கவங்க வீட்ல குப்புறப் படுத்துத் தூங்குவோம். உங்க கேங்லயும் இதே கதைதானே?

ஆனா, இந்த வருஷம் நாங்க கிளம்பிட்டோம். ஊட்டிக்கு இல்ல. அங்கே 2024 மே 7-லேர்ந்து இ-பாஸ் வாங்கிட்டுத்தான் போகணும். 2025 கோடையில கோர்ட்டே தலையிட்டு, ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி, ஞாயிறுல 8,000 வண்டினு கணக்கு வெச்சது. எட்டாயிரம் வண்டிக்கு நடுவுல நம்ம வண்டி எதுக்கு பாஸ்?

நாங்க போனது விழுப்புரம், திண்டிவனம் சுத்து வட்டாரம். 'அது பஸ் நின்னு டீ குடிக்கிற ஊராச்சே!'ன்னு நீங்க சிரிக்கிறது கேட்குது. நானும் மூணு வருஷமா அப்படித்தான் நினைச்சேன். சிரிச்சு முடிச்சுட்டு மேலே படிங்க.

போனது கேம்பர்வேன்ல. அதாவது, வண்டியே வீடு. ஜெர்மனியில 1950-கள்லயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள்ள கட்டிலும் அலமாரியும் வெச்சு ஊர் சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்துல கேரளாவுல 2021-லயே அரசாங்கம் 'கேரவன் கேரளா'ன்னு திட்டம் போட்டு, ஏ.சி., பாத்ரூம் எல்லாம் வெச்ச வண்டியைச் சுற்றுலாவுக்கு விட்டுச்சு. அதுக்கெல்லாம் வாடகை கொடுக்க எங்ககிட்ட காசு ஏது? எங்ககிட்ட இருந்தது ஒரு மாருதி ஆம்னி. வெள்ளைக் கலர். பின் கண்ணாடி முழுக்க ஒரு போட்டோ ஸ்டுடியோவோட ஸ்டிக்கர். வயசு பதினஞ்சு.

ஸ்டுடியோ திண்டிவனத்துல இருக்கு. ஓனர் எங்க கிளாஸ்மேட்டோட அப்பா. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழானு சுத்துப்பட்டு கிராமம் முழுக்கப் படம் எடுக்கிறவர். அந்த ஆம்னிக்கு ஆர்.சி. காலாவதி ஆகப்போகுது. புதுப்பிக்கிற செலவுக்குப் பதிலா வித்துடலாம்னு முடிவு பண்ணி, பார்ட்டிகிட்ட அட்வான்ஸும் வாங்கிட்டார். மே கடைசியில வண்டி கைமாறிடும். 'அதுக்கு முன்னாடி ஒரு தடவை'ன்னு கெஞ்சிக் கேட்டோம். கொடுத்துட்டார்.

நம்ம ஹீரோவைப் பத்தி ஒரு ரகசியம் சொல்லணும் (அவன்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன்). அவனுக்கு அந்த வண்டின்னாலே ஆகாது. ஃபர்ஸ்ட் இயர்ல அப்பா காலேஜ்ல கொண்டுவந்து விட்டப்ப, கேட்டுக்கு முந்தின ஸ்டாப்லயே இறங்கிக்குவான். ஸ்டிக்கரைப் பார்த்து யாராவது கலாய்ப்பாங்கன்னு பயம். கலாய்ச்சோம்தான். அவனுக்கு நாங்க வெச்ச பேரே 'ஸ்டுடியோ'.

பின் சீட்டைக் கழட்டினோம். பிளைவுட் பலகை ஒண்ணு, அதுக்கு மேல கோரைப்பாய், பழைய மெத்தை. ஜன்னலுக்குக் கொசுவலையை வெல்க்ரோ வெச்சு ஒட்டினோம். இருபது லிட்டர் தண்ணி கேன் ரெண்டு. மொத்தச் செலவு 900 ரூபாய். கேம்பர்வேன் ரெடி! கிளம்புற நேரத்துல அங்கிள் ஒரு பழைய ஆல்பம் அட்டையை நீட்டினார். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவுல ஒரு மேப். ஊர் பேருக்குப் பக்கத்துல குட்டிக் குட்டியா குறிப்பு: 'மதியம் நிழல்', 'நல்ல தண்ணி', 'நாய் ஜாஸ்தி', 'தூங்கலாம்', 'இங்க தூங்காதே'. செல்போன்ல மேப் இருக்கும்போது இது எதுக்குன்னு ஸ்டுடியோ அதை டேஷ்போர்டுல தூக்கிப் போட்டான்.

முதல் நாள், சனிக்கிழமை விடியக்காலை. மயிலம் வழியா திருவக்கரை. அங்கே இருக்கிறது தேசியக் கல்மரப் பூங்கா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்குது. மரம்னு நினைச்சுத் தட்டினா 'ணங்'குனு கல் சத்தம்! வயசு சுமார் ரெண்டு கோடி வருஷம். நம்ம மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல வராத மேட்டர் இது: ஆத்து வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த மரங்கள் மணலுக்கு அடியில புதைஞ்சு, காத்து படாததால மக்காமப் போச்சு. நிலத்தடி நீர்ல கரைஞ்சிருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்குள்ள இறங்கி, மர இழை இருந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. வளையம்கூட அப்படியே தெரியுது. இங்கே கிடக்கிறது எல்லாமே அடிமரம்தான். வேரையும் கிளையையும் காணோம். அதனாலதான் இவை இங்கேயே முளைச்ச மரங்கள் இல்ல, வேற எங்கிருந்தோ மிதந்து வந்தவைன்னு சொல்றாங்க. அதுங்களும் நம்மள மாதிரி டூர் வந்துதான் மாட்டிக்கிச்சுங்க!

கூட்டமா? நாங்க மூணு பேர், ஒரு வாட்ச்மேன், ரெண்டு மைனா.

பதினொரு மணிக்கு வெயில் ஆரம்பிச்சுது பாருங்க... ஆம்னிக்கு இன்ஜின் எங்கே இருக்கு தெரியுமா? முன் சீட்டுக்கு அடியில! 796 சி.சி. அடுப்பு மேல உட்கார்ந்துதான் வண்டி ஓட்டணும். திருவக்கரையிலிருந்து விழுப்புரம் போய், ஜங்ஷன்ல ரயில்ல வந்து இறங்கின நாலாவது ஆளைக் கூட்டிக்கிட்டோம். அப்புறம் ரோட்டோரத்துல நிறுத்தி, வண்டிக்குள்ளேயே ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னு ட்ரை பண்ணோம். பத்தே நிமிஷம். தகரப் பெட்டிக்குள்ள வெந்த இட்லி மாதிரி வெளியே வந்து விழுந்தோம்.

அப்பதான் ஆல்பம் அட்டை ஞாபகம் வந்துச்சு. செஞ்சி ரோட்டுல ஒரு ஏரிக்கரை, பக்கத்துல 'மதியம் நிழல்'னு எழுதியிருந்தது. போனா, வரிசையா புளியமரம்! திண்டிவனம்ங்கிற பேரே 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததா சொல்வாங்க. வெயிலோட வெயிலா அலைஞ்சவனுக்குத்தான் அந்தப் பேரோட அருமை தெரியும். பாயை எடுத்துக் கீழே விரிச்சோம். நாலு மணி வரைக்கும் யாருக்கும் நினைவில்ல. பார்க்கிங் ஃப்ரீ, ஏ.சி. ஃப்ரீ. கேம்பர்வேன்ல பகல்ல தூங்கக் கூடாது, மரத்தடியிலதான் தூங்கணும். இது எங்க முதல் பாடம்.

சாயந்திரம் மண்டகப்பட்டு. விழுப்புரத்துலேர்ந்து செஞ்சி போற வழியில, சுமார் 20 கி.மீ. பாறையைக் குடைஞ்சு எடுத்த ஒரு சின்னக் கோயில். வாசல்ல ரெண்டு பக்கமும் துவாரபாலகர். உள்ளே மூணு கருவறை. எல்லாமே காலி. ஆனா, இங்கே இருக்கிற கல்வெட்டுதான் செம! 'செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மா, விஷ்ணு, சிவன் மூணு பேருக்கும் விசித்திரசித்தன் கட்டின கோயில்'னு அதுல சேதி. விசித்திரசித்தன்கிறது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனோட பட்டப்பேர். காலம் ஏழாம் நூற்றாண்டோட தொடக்கம். மாமல்லபுரத்துல கூட்டத்துல முண்டியடிச்சு போட்டோ எடுக்கிறோமே, அந்தக் கல் வேலைக்கெல்லாம் முன்னோடி இங்கே அமைதியா உட்கார்ந்திருக்கு. எங்க சிவில் பையன் ரொம்ப நேரம் தூணையே பார்த்துட்டு, 'மெட்டீரியல் காஸ்ட் ஜீரோ மச்சி. எப்படிடா எஸ்டிமேட் போட்டிருப்பாரு?'ன்னான். தூரமில்லாத தளவானூர்ல அதே மகேந்திரவர்மனோட இன்னொரு குடைவரை. விழுப்புரம் பக்கத்துலயே பனமலையில ராஜசிம்ம பல்லவனோட தாளகிரீஸ்வரர் கோயில். அங்கே சுவர்ல ஒரு கால் மடக்கி நிற்கிற பார்வதி ஓவியம் இன்னும் மிச்சமிருக்கு. இருட்டிடுச்சு, அடுத்த தடவைக்கு வெச்சுட்டோம். நீங்க விட்டுடாதீங்க.

ராத்திரி? அட்டையில செஞ்சி ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்துல 'தூங்கலாம்'. பங்க்ல இருந்த அண்ணன்கிட்ட போய்க் கேட்டோம். 'ஸ்டுடியோ வண்டியா? அந்த ஓரமா நிறுத்துங்கப்பா. பாத்ரூம் பின்னாடி இருக்கு'ன்னுட்டார். எங்களுக்கு ஆச்சரியம். 'எங்க அப்பாவைத் தெரியுமாண்ணா?'ன்னு ஸ்டுடியோ கேட்டான். 'முகூர்த்த நாள்னா அவரு இங்கதானே படுப்பாரு!' அவ்வளவுதான் சொன்னார். ஸ்டுடியோ ஒண்ணும் பேசல.

ஞாயிறு காலை அஞ்சு மணி. செஞ்சிக்குப் பக்கத்துல திருநாதர்குன்று. செஞ்சிக் கோட்டை இருக்கே... ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரினு மூணு மலையை வளைச்சுக் கட்டினது. 1677-ல சிவாஜி பிடிச்சார். அப்புறம் முகலாயர், பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்கன்னு கை மாறிச்சு. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகள்ல 11 மகாராஷ்டிராவுல இருக்கு, மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி! அதனால ஞாயித்துக்கிழமை அங்கே ஜே ஜேன்னு கூட்டம் இருக்கும்னு நாங்க ஒதுங்கிட்டோம். வார நாள்ல, காலையிலேயே முதல் ஆளா ஏறிடுங்க.

திருநாதர்குன்றுல எங்களைத் தவிர யாருமில்ல. ஒரு பெரிய பாறையில இருபத்தி நாலு தீர்த்தங்கரர்களும் ரெண்டு வரிசையா உட்கார்ந்திருக்காங்க. பக்கத்துல ஒரு கல்வெட்டு. சந்திரநந்திங்கிற சமண முனிவர் 57 நாள் சாப்பிடாம நோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லுது. நம்ம 'ஐ' எழுத்து முதன்முதலா காணக்கிடைக்கிறது இந்தக் கல்வெட்டுலதான்னு சொல்றாங்க. சாதாரணமா எதைப் பார்த்தாலும் கமென்ட் அடிக்கிற எங்க கேங் அங்கே மட்டும் வாயைத் திறக்கல. சூரியன் வந்து பாறை மேல விழற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு? யோசிச்சுப் பாருங்க.

வர்ற வழியில மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களோட மடம் இருக்கிற ஊர். 'தமிழ்நாட்டுல இன்னும் சமணர்கள் இருக்காங்களா?'ன்னு கேட்கிறவங்க இந்தப் பக்கம் வந்து பாருங்க. இங்கே சுத்துப்பட்டு ஊர்கள்ல நம்மளை மாதிரியே தமிழ் பேசி, வயல் வேலை பார்க்கிற சமணக் குடும்பங்கள் நிறைய.

மதியம் மறுபடி மரத்தடி. சாயந்திரம் திண்டிவனம் தாண்டி மரக்காணம். வழியில நாலாவது ஆள் (தமிழ் மீடியத்துல படிச்சவன்) ஒரு குண்டு போட்டான். 'நம்ம ரூட்டுக்கு சங்க காலத்துலயே கைடு இருக்குடா. சிறுபாணாற்றுப்படை!' பரிசு வாங்கின பாணன், வாங்கப்போற பாணனுக்கு வழி சொல்றதுதான் ஆற்றுப்படை. நல்லியக்கோடன்ங்கிற ராஜா ஆண்ட ஓய்மாநாடுதான் இந்தத் திண்டிவனம் வட்டாரம். அதுல வர்ற கிடங்கில், இன்னிக்குத் திண்டிவனத்துக்குள்ள இருக்கிற கிடங்கல். எயிற்பட்டினம்தான் மரக்காணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எந்த ஊருக்குப் போனா யார் என்ன சாப்பாடு போடுவாங்கன்னு அதுல விவரமா இருக்கு. கடற்கரையில வறுத்த மீன், வயல்காட்டு ஊர்ல நண்டுக் கறியோட வெள்ளைச்சோறு! எங்களுக்கு அன்னிக்குக் கிடைச்சது பரோட்டா சால்னா. அதுவும் அமிர்தம்தான்.

ராத்திரி மரக்காணத்துல, அட்டையில போட்டிருந்தபடி ஒரு கோயிலுக்குப் பக்கத்துல கேட்டுட்டுப் படுத்தோம். விடியக்காலை நாலு மணிக்கே ஆள் நடமாட்டம். உப்பளத்துக்கு வேலைக்குப் போறாங்க. நாங்களும் பின்னாலேயே போனோம். ஆர்வக்கோளாறுல வண்டியைப் பாத்தி ஓரம் வரைக்கும் இறக்கிட்டான் ஸ்டுடியோ. பின் சக்கரம் சேத்துல 'சொத்'துனு இறங்கிடுச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாப் போச்சு.

வேலையைப் போட்டுட்டு ஆறேழு பேர் வந்துட்டாங்க. சக்கரத்துக்கு அடியில பலகை போட்டுத் தள்ளி, பத்து நிமிஷத்துல வண்டி மேல வந்துடுச்சு. அப்பதான் ஒரு அக்கா பின் கண்ணாடி ஸ்டிக்கரை டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. 'ஐயே, இது நம்ம போட்டோக்காரர் வண்டியாச்சே! நீ அவரு புள்ளையாப்பா?'

ஸ்டுடியோ தலையாட்டினான்.

'எம் பொண்ணு கல்யாணத்துக்கு அவருதான் படம் புடிச்சாரு. மழைக் காலம், உப்பு வேலையில்ல. பாக்கி காசை ஆறு மாசம் கழிச்சுத்தான் குடுத்தோம். ஆல்பத்தை மட்டும் அப்பவே கொண்டாந்து குடுத்துட்டாரு. ஒரு வார்த்தை கேக்கல. ராத்திரி ரிசப்ஷன் முடிஞ்சு, காலையில முகூர்த்தம் வரைக்கும் இந்த வண்டியிலதான் படுத்துக் கெடந்தாரு. உள்ள வந்து படுங்கன்னோம். பொம்பளைங்க இருக்கிற எடம், நான் இங்கயே இருந்துக்கறேன்னுட்டாரு.'

சூரியன் வந்தது. பாத்தி பாத்தியா வெள்ளை. எங்களை இட்லியாக்கின அதே வெயில்தான் இவங்களுக்கு விளைச்சல். கடல் பக்கத்து உப்புத் தண்ணியைப் பாத்தியில தேக்கி, வெயில்ல வத்தவிட்டு, கீழே படியற உப்பை வாரிக் குவிக்கிறாங்க. மழை வந்தா வேலை நின்னுடும். 'சம்மர் ரொம்ப மோசம்'னு இனிமே ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் யோசிப்பேன்.

திரும்புற வழியில கழுவெளி. கடலோட கழிமுகத்தால் சேர்ந்திருக்கிற பெரிய உப்பு நீர்ச் சதுப்பு நிலம். 2021-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. மே மாசத்துல வெளிநாட்டுப் பறவைகளை எதிர்பார்க்காதீங்க. அதுக்குக் குளிர்காலம்தான் சீஸன்.

ஸ்டுடியோ வண்டியை ஓரமா நிறுத்தினான். அந்த ஆல்பம் அட்டையை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். 'தூங்கலாம்'னு எழுதியிருந்த இடங்களை எண்ணினான். மொத்தம் முப்பத்தி ஒண்ணு. நாங்க ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி குதிச்ச கேம்பர்வேன் வாழ்க்கையை, அவங்கப்பா பதினஞ்சு வருஷமா வாழ்ந்துட்டு இருந்திருக்கார். அவனோட செமஸ்டர் ஃபீஸ் அதுலேர்ந்துதான் வந்துட்டு இருந்திருக்கு.

இப்போ நீங்களும் கிளம்பலாம். சில விஷயங்களை மட்டும் கேட்டுக்கங்க. காலை பத்து மணிக்குள்ள ஒரு இடம், நாலு மணிக்கு மேல ஒரு இடம். நடுவுல மரத்தடி. ராத்திரி எங்கே நிறுத்தினாலும் அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா தண்ணியும் சேர்ந்து கிடைக்கும். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கண்ணாடியை மூடிட்டுத் தூங்கவே தூங்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரையில நிறுத்தியிருந்த கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர்லேர்ந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஜன்னலைத் திறந்து கொசுவலை போட்டாலே போதும். வேனுக்குள்ள அடுப்பு வேண்டாம். குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. ஆயிரத்து ஐந்நூறு வருஷப் பாறையில உங்க ஆளோட பேரை எழுதாதீங்க ப்ளீஸ்!

எங்க ப்ளான் கேட்டதும் கிளாஸ்ல ஒருத்தி, 'உங்களுக்கென்னப்பா, எங்கே வேணா படுத்துக்கலாம். நாங்க?'ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல. ஆனா, அடுத்த வாரமே அவ அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு, டவுன் பஸ் பிடிச்சு திருவக்கரையும் மண்டகப்பட்டும் பார்த்துட்டு ராத்திரி வீடு திரும்பிட்டா. போட்டோ எல்லாம் எங்களைவிட நல்லா எடுத்திருக்கா. வேன் இல்லாட்டியும் வழி இருக்கு.

செலவு? பெட்ரோல் 1,500, சாப்பாடு 1,800, கூட அந்த 900. நாலா வகுத்தா தலைக்கு ஆயிரத்து ஐம்பது.

திங்கட்கிழமை மதியம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். சேறு அப்பிக் கிடந்த சக்கரத்தைப் பார்த்துட்டு, 'மரக்காணமா?'ன்னு மட்டும் கேட்டார் அங்கிள். ஸ்டுடியோ பக்கெட்டை எடுத்து அவனே வண்டியைக் கழுவ ஆரம்பிச்சான். ஸ்டிக்கரை மட்டும் ரெண்டு தடவை துடைச்சான்.

வண்டி போற தேதி மே 31. அதுக்கு நாலு நாள் முன்னாடி காலேஜ்ல புராஜெக்ட் விஷயமா எங்களை வரச் சொல்லியிருந்தாங்க. கேட் வாசல்லயே அந்த வெள்ளை ஆம்னி வந்து நின்னுச்சு. முந்தின ஸ்டாப்ல இல்ல, கேட்டுக்கு நேரா! உள்ளேர்ந்து ஸ்டுடியோ இறங்கினான். எங்களைப் பார்த்துக் கையசைச்சுட்டு, டிரைவர் சீட் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமா சொன்னான்:

'அப்பா, சாயந்திரமும் இங்கேயே வந்துடுங்க!'